மீன் விடாத ஐந்து வாரம்

இன்று காலை உன் மீன் தொட்டியின் விளிம்பில் உப்பு மறுபடியும் வெள்ளையாகப் பூத்திருந்தது. தண்ணீரைக் குளிர்விக்கும் சின்ன விசிறி ஓடவில்லை. அதன் ஒயர் வழியாகவும் உப்பு ஏறிவிட்டது. இது மூன்றாவது விசிறி. பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டிக்கொண்டே உன்னை வாய்விட்டுத் திட்டினேன். அடுத்த அறையில் இருந்தவர்கள் நான் யாருடனோ போனில் சண்டை போடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

ஹைதராபாத்தில் உட்கார்ந்துகொண்டு கடலுக்கு ஆசைப்பட்டவன் நீ. வாரத்தில் மூன்று நாள், நாலு மணி நேரம் டயாலிசிஸ். ஒரு கை மெஷினோடு கட்டுண்டு கிடக்க, மறு கையில் போன். பக்கத்துக் கட்டில்காரர்கள் சீரியல் பார்ப்பார்கள். நீ, வீட்டு உப்புத்தண்ணீர்த் தொட்டியில் பவளமும் கடல்மீனும் வளர்ப்பவர்கள் எழுதுவதையெல்லாம் படித்துக்கொண்டிருப்பாய். சனிக்கிழமைகளில் உன்னை அழைத்துப் போவது என் முறை. காரில் ஏறியதும் ஆரம்பித்துவிடுவாய்.

"மேஜை மேல வைக்கிற மாதிரி சின்னத் தொட்டியா ஒண்ணு வாங்கு. உன் பட்ஜெட்டுக்கு அதான் சரி" என்றேன்.

"சின்னதுதான்டா கஷ்டம். தண்ணி கம்மின்னா ஒரு நாள் வெயிலுக்கே உப்பு ஏறிடும், எல்லாம் செத்துடும். முதல் தொட்டி கொஞ்சம் பெருசாத்தான் இருக்கணும்."

மூன்று மாதம் என்னைக் கடை கடையாக அலைய வைத்தாய். கேள்வி கேட்டுவிட்டு எதுவும் வாங்காமல் வெளியே வருவாய். கச்சிபௌலி டிராஃபிக்கில் வாரம் முழுக்க வெந்துவிட்டு, சனிக்கிழமையும் உன் பின்னால் நின்று விளக்கின் வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு எரிச்சலாக வரும். கடைசியில், சைனிக்புரியில் வீடு காலி செய்த ஒருவரிடம் இரண்டடிக் கண்ணாடித் தொட்டியைப் பழையதாகப் பிடித்தாய். ஏ.எஸ்.ராவ் நகரில் உன் அக்கா வீட்டு ஹாலில், பழைய இரும்பு ஸ்டாண்டில் அதை ஏற்றினோம். அலங்கார மரப்பெட்டி வேண்டாம் என்றாய். தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின் கட்டுப்படியாகாது, இரண்டு சின்ன விசிறி போதும் என்றாய். மிச்சம் பிடித்ததையெல்லாம் நல்ல உப்பிலும், தண்ணீரைச் சோதிக்கும் மருந்திலும், கடலிலிருந்து வந்த நாலு கல்லிலும் போட்டாய்.

அதெல்லாம் சரி. அதற்குப் பிறகு சொன்னதுதான் எனக்கு ஏறவில்லை.

"அஞ்சு வாரம் மீன் கிடையாது. கல்லுல கிருமி வளரணும். அதுதான் அழுக்கைத் தின்னும். அதுக்கு முன்னாடி மீனை விட்டா, அதோட கழிவே அதுக்கு விஷம்."

அஞ்சு வாரமும் வெறும் தண்ணீரையும் கல்லையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நீ சந்தோஷமாகப் பார்த்தாய்.

இரண்டாவது வாரம், டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே உன் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஹார்ட் ரொம்ப வீக்கா இருக்காம்பா. இனி மாசக்கணக்கு கிடையாதுங்கறார் டாக்டர். அவன்கிட்ட சொல்லலை. நீயும் சொல்லாதே." தலையாட்டினேன். உள்ளே வந்தபோது, தண்ணீரில் மருந்தின் நிறம் எப்படி மாறுகிறது என்று நீ படம் காட்டினாய். நிமிர்ந்து உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாளே செகந்திராபாத் கடைக்குப் போனேன். "குச் நை ஹோத்தா சார், ஆஜிச் டாலோ" என்றார் கடைக்காரர். ஒன்றும் ஆகாது, இன்றைக்கே விடுங்கள் என்று யாராவது சொல்லத்தான் நான் காத்திருந்தேன். வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் ஒன்றை வாங்கிவந்து, நீ மதியம் தூங்கும்போது தொட்டியில் விட்டேன்.

எழுந்து வந்து பார்த்தாய். நீ சிரிக்கவில்லை. சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்தைச் சொட்டினாய். தண்ணீரில் விஷம் ஏறிவிட்டது என்று காட்டும் கரும்பச்சையாக மாறியது. கடைக்காரர் மீனைத் திரும்ப வாங்கமாட்டேன் என்றார். இரண்டு நாள் தண்ணீர் மாற்றிப் பார்த்தோம். மீன் ஒரு மூலையில் சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. மூன்றாம் நாள் காலை செத்துக் கிடந்தது.

"எதுக்கு இவ்ளோ அவசரம்?" என்று கேட்டாய்.

"நீ பார்க்கணும்னுதான்."

"எனக்கு டைம் இல்லைன்னு யாரு முடிவு பண்ணினது? அக்காவா, நீயா?"

நான் வலையை எடுத்துச் செத்த மீனை அள்ளினேன்.

"பதினாலு வருஷமா இந்த உடம்பை நான்தானே தூக்கிட்டுத் திரியறேன். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? தெரிஞ்சுதான்டா அஞ்சு வாரம்னு சொன்னேன். என் அஞ்சு வாரம் அது. உனக்குப் பொறுக்கலைன்னா அதுக்காக ஒரு மீனைக் கொன்னுடுவியா?"

நாற்பது வருஷ சிநேகத்தில் நீ என்னிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு முறைதான். அக்கா சமையலறையிலிருந்து வெளியே வரவே இல்லை.

முதல் நாளிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தாய். கற்களில் பழுப்பாகப் பாசி படர்ந்தது. பார்க்க அசிங்கமாக இருந்தது. இப்படித்தான் ஆகும் என்றாய். நாலாவது வாரம், ஆபீஸ் மீட்டிங் நடுவில் உன் போன்.

"டேய், கல்லுக்குள்ளேர்ந்து ஒரு புழு வந்திருக்கு. விசிறி மாதிரி விரியுது. நிழல் பட்டா சட்டுனு உள்ள போயிடுது. சாயந்திரம் வர்றியா?"

"புழுவைப் பார்க்கவாடா நகரத்தைத் தாண்டி வரணும்? சனிக்கிழமை பார்க்கறேன்" என்று வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை, மெஷினில் இருக்கும்போதே நீ போய்விட்டாய். அன்று போனில் அந்தப் புழுவைப் பற்றி இன்னும் என்னவெல்லாம் சொல்ல இருந்தாயோ. என்மேல் எனக்குள்ள ஆத்திரத்தில் பாதியை உன்மேல் கொட்டித்தான் இத்தனை மாதம் ஓட்டினேன். முன்பே ஒரு மீனை விட ஒத்துக்கொண்டிருந்தால் என்ன, ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று. அக்காவால் பார்த்துக்கொள்ள முடியாததால் தொட்டி என் வீட்டுக்கு வந்தது. சுவரெல்லாம் உப்பு. ஊருக்குக்கூடப் போக முடியவில்லை. உன் கணக்குப்படியே அஞ்சு வாரம் வெறும் கல்லை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு இரண்டு மீன் விட்டேன். அவை இருக்கின்றன.

போன மாதம் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்த மனிதர், உனக்குத்தான் தெரியுமே, எதையும் இரண்டு முறை சொன்னால் பிடிக்காது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் எழுந்து, கொஞ்சம் வெளியே வாருங்கள் என்று தெலுங்கில் என்னிடம் சொன்னார். நான் எழவில்லை. "இங்கேயே சொல்லுங்க டாக்டர், அவர்கிட்டயே சொல்லுங்க" என்றேன்.

இனி அதிக நாள் இல்லை என்று டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அப்பா கடைசிவரை கேட்டார்.

"அப்ப கண் ஆபரேஷன் பண்ணிக்கலாமா, வேண்டாமா?"

டாக்டர் ரிப்போர்ட்டை மறுபடி புரட்டினார். "பண்ணிக்கலாம்."

"அப்ப முதல்ல அதுக்குத் தேதி குடுங்க. பேப்பர்ல எழுத்தே தெரியலை."

வீடு வரும்வரை அப்பா என்னிடம் பேசவில்லை. கோபமா என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. அவராகச் சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன்.