இணைப்பில் சகாயம்

ஜூன் 9, திங்கள்
காலையிலிருந்து சாரல். தேங்காய்ப்பட்டணம் ஆபீசில் கரண்ட் வந்து வந்து போகிறது. பழைய ரவுட்டர்களுக்குப் புது மென்பொருள் ஏற்றி, வீடுகளுக்கு இணைப்புக் கொடுக்கும் வேலை. எழுதுவது நான், ஏற்றுவது கூட வேலை பார்க்கும் ஷாஜி. மதியம் மீன் குழம்பு, உப்பு கூடுதல்.

சாப்பிட்டு வந்து, இணைப்பில் உள்ள வீட்டுக்காரர் பெயர் எரியும் திரையைப் பார்த்தால்: சகாயம் – இணைப்பில்.

சகாயம் போன மழைக்காலத்தில் வள்ளம் கவிழ்ந்து கடலோடு போனவர். உடல் கிடைக்கவில்லை. வீட்டு ரவுட்டரை மனைவி ஜோஸ்பின் அப்போதே திருப்பித் தந்துவிட்டாள். பெயரை நீக்க எங்களுக்குத்தான் மனம் வரவில்லை.



ஜூன் 10
மழை விடவில்லை. ஜோஸ்பின் வந்தாள், குடையில்லாமல்.

“அக்கா, ஐஸ் கம்பெனி வழியா போனா எனக்க போன்ல எங்க வீட்டு வைஃபை பிடிக்கு. நேத்து பள்ளிவாசல் பக்கமும் பிடிச்சு. அவிய வந்திருக்காவளா?”

பார்க்கிறேன் என்று அனுப்பினேன். இறந்தவருக்கான பூசையை அவருக்கு வைக்க அவள் இன்னும் விடவில்லையாம். ஷாஜி பிறகு சொன்னான்.

ஜூன் 11
பிடிபட்டது. ஒவ்வொரு ரவுட்டருக்கும் பிறவி எண் ஒன்று உண்டு. வேறெதற்கும் அது இருக்கக் கூடாது. அதை வைத்துத்தான் திரை ஆளை அறிகிறது. ஷாஜி சுலபவழி என்று சகாயத்தின் பெட்டியை அப்படியே நகலெடுத்து மற்றப் பெட்டிகள் பலவற்றிலும் ஏற்றியிருக்கிறான். எண், வைஃபை பெயர், கடவுச்சொல், எல்லாம். எண் ஒன்றே என்பதால் திரை ஒரு நேரத்தில் ஒரு பெட்டியைத்தான் காட்டும்.

“தெரியாம செஞ்சிட்டேன் அக்கா.”

“நானும் சோதிச்சுப் பாக்கல்லியே மக்கா.”

ஐஸ் கம்பெனிப் பெட்டிக்குப் புது எண் கொடுத்தேன். சகாயம் அணைந்தார். மூச்சு விடுவதற்குள் பள்ளிவாசல் தெருவில் எரிந்தார். அதை மாற்றினால் துறைமுகத்தில். வீடு வீடாக நடக்கிறவர் மாதிரி. ஷாஜி சிலுவை போட்டுக்கொண்டான்.

ஜூன் 13
கடைசி ஒன்று. துபாய்க்காரர் பூட்டிப்போட்ட வீடு, கேமராவுக்காக ரவுட்டர் மட்டும் ஓடுகிறது. ஆளில்லாத வீட்டில் சகாயம். இங்கிருந்தே மாற்றலாம். ஜோஸ்பினை வரச்சொல்லி எல்லாம் விளக்கினேன். திரையையே பார்த்தாள்.

“அப்ப அவிய இல்ல.”

“இல்ல மக்ளே.”

“இத ஒண்ண மட்டும் விட்டிர முடியாதா?”

முடியும். உண்மையைச் சொன்னேன்.

  பிறகு எந்தப் பொத்தான் என்று கேட்டாள். காட்டினேன். அவளே அழுத்தினாள்.

பெயர் சாம்பல் நிறமாயிற்று.

“இப்பந்தான் போனாவ” என்றாள். ஈர முந்தானையைத் தலையில் இழுத்துப்போட்டுக்கொண்டு நேரே மாதா கோயிலுக்குப் போனாள், பூசைக்குச் சொல்ல.