சின்னத்தில் இருக்கும் மஞ்சள் வட்டம்

அன்பு மகள் ஜெனீவாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் என் முழங்காலும் சுகம், முழங்கால் மட்டும் இதை ஒத்துக்கொள்ளாது. ஜெர்மனியில் நீ சுகமாயில்லை என்று உன் கடிதமே சொல்லிவிட்டது, அதனால் அதைக் கேட்கவில்லை.

ராணுவப் போதகர் வேலையை விட ராஜினாமாக் கடிதத்தை எழுதி மேசைக்குள் வைத்திருக்கிறாயாம், மாதக் கடைசியில் கொடுக்கப்போகிறாயாம். ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்த அந்தச் சிப்பாயின் கையைப் பிடித்துக்கொண்டு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தும் ஒரு ஜெபம்கூட உன் வாயில் வரவில்லை, அவனோ போதகரம்மா அருமையாகப் பேசினார் என்று நர்சிடம் சொல்லித் தன் அம்மாவுக்கு எழுத வைத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டான். அந்த அம்மாள் உனக்கு நன்றி எழுதியிருக்கிறாள். நான் ஒன்னுமே பேசலப்பா, நான் ஒரு பொய்க்காரி என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு அம்மா அழுதாள், நானும்தான். பிறகு அவள், இன்னும் எத்தனை நாளைக்கு மறைப்பீங்க, அந்தப் பொண்ணுகிட்ட அதைச் சொல்லித் தொலைங்க என்றாள்.

உன் தோளில் இருக்கும் ராணுவப் போதகர் பயிற்சிப் பள்ளிச் சின்னத்தை, அங்கே தையற்காரனாக இருந்தபோது முதலில் தைத்தவன் நான் என்பது உனக்குத் தெரியும். அதிலுள்ள மேய்ப்பனின் கோலைப் பற்றியோ கறுப்புக் கேடயத்தைப் பற்றியோ சண்டை வரவில்லை, விரித்த புத்தகத்தைப் பற்றித்தான் வந்தது. அதில் சிலுவை வேண்டும் என்றார் சின்னத்தை முடிவு செய்யும் குழுவிலிருந்த கத்தோலிக்கப் பாதிரியார். அப்போ எங்க ஆளுங்க எதைப் பாத்துக் கும்பிடுறது, பத்துக் கட்டளையைப் போடுங்க என்றார் யூத ரபி. நம் சபைக்காரரான கர்னல் மெக்ரேடி, ஒன்னும் போடாதீங்கய்யா, வெறும் தாளா இருக்கட்டும் என்று மேசையைத் தட்டினார். மாதிரித் துணியை அன்று சாயங்காலம் காட்ட வேண்டும். மத்தியானம் நான் தையல் மெஷின் முன்னாலேயே உட்கார்ந்து பன்றி இறைச்சி ரொட்டியைச் சாப்பிட்டேன். சாப்பிடாதே என்று உன் அம்மா நாற்பது தடவை சொன்ன இடம் அது. ரொட்டியில் தடவியிருந்த மஞ்சள் கடுகு சாஸ் ஒரு சொட்டு, சரியாகப் புத்தகத்தின் நடுவில் விழுந்தது. துடைக்கத் துடைக்க வட்டமாகப் பரவியது. வேறு தைக்க நேரமில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் பாதிரியார் கண்ணாடியைக் கழற்றி, ஆர்வில், இது பரலோக வெளிச்சம்தானே என்றார். எங்க கோயில்ல அணையாம எரியிற விளக்கு மாதிரியே வச்சிருக்கியேப்பா என்றார் ரபி. விடியலய்யா, சிப்பாய்க்கு வேற என்ன வேணும் என்று கர்னல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காப்பிக்குச் சர்க்கரை போடுவதில்கூட ஒத்துப்போகாத மூன்று பேர் ஒரே நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நான் திறந்த வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து அந்தக் கறையைத் தங்க நூலில் தைத்தேன்.

அந்த மஞ்சள் வட்டத்தின் பொருள் பற்றி நீ பரீட்சையில் ஒன்றரைப் பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கினாய். அந்தத் தாளை அம்மா பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள், பார்க்கும்போதெல்லாம் சிரிப்பை அடக்கக் கைத்துண்டை வாயில் வைத்துக்கொள்கிறாள்.

கடுகு சாஸ் புனிதமானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று பேரும் பொய் சொல்லவில்லை, ஜெனீவா. தாள் வெறுமையாக இருந்ததால் அவரவருக்கு வேண்டியதை அங்கே பார்த்தார்கள். அந்தப் பையனும் பொய் சொல்லவில்லை. அவனுக்கு வேண்டிய பேச்சு அவனுக்குக் கேட்டது, நீ எழுந்து போகாமல் இருந்ததால் கேட்டது.

இனி உன் இஷ்டம். நீ ராஜினாமா செய்தால் நானும் கர்னலிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுவேன், ஒரே வீட்டில் ஒருவர் மட்டும் யோக்கியமாக இருக்க முடியாது. அவருக்கு எண்பத்திரண்டு வயது. தன் கல்லறைக் கல்லில் அந்தச் சின்னத்தை இப்போதே செதுக்கி வைத்துவிட்டார், வட்டத்துக்கு மட்டும் தங்கப் பூச்சு. யோசித்துச் செய்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக, குளிருக்குக் காதை மூடிக்கொள். அம்மா ஒரு பாட்டில் கடுகு சாஸ் அனுப்பியிருக்கிறாள். சீருடையோடு சாப்பிடாதே. சாப்பிட்டுச் சிந்திவிட்டால் உடனே துடைக்காதே, பக்கத்தில் இருப்பவர் அதில் என்ன பார்க்கிறார் என்று கேட்டு எனக்கு எழுது.

உன் அப்பா,
ஆர்வில் ப்ளெட்சோ