ஆட்டின் இடது பின்னங்கால்

என் லூர்து மச்சானுக்கு,

கடிதம் எழுதுகிற ஆள் நான் இல்லை. போனில் ‘ம்’ என்று அனுப்பினாலே அதிசயம் என்பாய். திங்கட்கிழமைக்குள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். கேட்க உன்னை விட்டால் ஆளில்லை, அதனால்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும்.

கல்லூரிக் கடைசி வருஷத்தில் நாம் செய்த ஆறு நிமிஷ ஆட்டுக் கார்ட்டூன் படத்துக்கு, சென்னைக் கம்பெனி ஒன்று இரண்டாம் பாகம் கேட்கிறது. நீ அந்தக் காய்ச்சலில் போன பிறகுதான் படத்தை யார் யாரோ பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி. நொண்டி ஆடு வெள்ளிமலை பஸ்ஸிலிருந்து வளைவில் இறங்கிப் பனிக்குள் போனதே, அப்புறம் என்ன ஆச்சு?

எனக்கு எப்படித் தெரியும்? கதை உன்னுடையது. நொண்டல் மட்டும்தான் என்னுடையது. அதுவும் தப்பு.

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆட்டை வரைந்தது நீ. கம்ப்யூட்டரில் அதற்குள் எலும்பு பொருத்தி நடக்க வைத்தது நான். இடது பின்னங்கால் எலும்பைத் தப்பாக இணைத்துவிட்டேன். ஆடு காலை இழுத்து இழுத்து நடந்தது. ஒரு மணி நேரத்தில் சரி செய்கிறேன் என்றேன். நீ மவுஸைப் பிடுங்கிக்கொண்டாய்.

“கைய எடுடா. கால் வலிக்குது, அதான் பஸ் ஏறுது. கதை இன்னான்னு தெரியாம இவ்ளோ நாளா முழிச்சிக்கினு இருந்தோமே.”

அப்புறம் அந்த நடையைத்தான் எல்லோரும் நுட்பம் என்று எழுதினார்கள். நாம் டீக்கடையில் உட்கார்ந்து சிரித்தோம்.

இப்போது எனக்கு வேலை தெரியும். அதுதான் தொல்லை. புதிதாகச் செய்த ஆடு நேராக நடக்கிறது. நேராக நடக்கிற ஆடு எதற்குப் பஸ் ஏற வேண்டும்? சரியென்று வேண்டுமென்றே நொண்ட வைத்தேன். நடிக்கிறது மச்சான். பதினோரு தடவை மாற்றினேன், பதினோரு தடவையும் நடிப்பு. இரண்டாம் பாகம் என்றால், ஒருமுறை தானாக நடந்ததைத் திரும்ப நடக்கச் சொல்லிக் கெஞ்சுவதா? இல்லை, எனக்குத் துப்பில்லாமல் இப்படிப் பேசுகிறேனா?

கல்லறைத் திருநாளுக்கு நைனார்பாளையம் போனேன். உன் கல்லறைக்கு வெள்ளையடித்தது நான்தான். ஓரம் கோணல், திட்டாதே. உன் அம்மா மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, கம்பெனி விஷயம் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். நொண்டுகிற ஆட்டைக் காட்டலாம் என்று போனை நீட்டினேன். கை தவறி, நேராக நடக்கிற ஆடு ஓடிவிட்டது. அம்மா மூன்று தடவை பார்த்தார்கள்.

“கால் நல்லாயிடுச்சாப்பா அதுக்கு?”

ஆயிடுச்சும்மா என்றேன். வேறென்ன சொல்ல?

“அப்ப வூட்டுக்கு நடந்தே போய்டும். போவட்டும்.”

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். உன்னை அங்கே வைத்த பிறகு அவர்கள் சிரித்து நான் பார்த்ததில்லை. தப்பு என்று நான் தூக்கிப் போட்டிருந்த நடை அது. உன் கதைப்படி அது கதையே இல்லை. அம்மாவுக்கு அது போதும். கம்பெனிக்குப் போதாது, வில்லனாக ஒரு நரி வேண்டுமாம். இதில் யார் சொல்வது சரி? நீ இருந்தால் யாரை முறைப்பாய்?

திங்கட்கிழமை என்ன சொல்வேன் என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் முதல் படத்தில் அந்தக் காலை யார் கேட்டாலும் திருத்த மாட்டேன். வளைவிலிருந்து வீடு வரைக்குமான நடையை மட்டும் முடித்து, அம்மாவின் போனில் ஏற்றிக் கொடுப்பேன். அதற்கு இரண்டாம் பாகம் என்று பெயர் வைக்க மாட்டேன். பனிக்குள் வீடு எந்தப் பக்கம் என்று நீ வரைந்து வைக்கவில்லை. அதை அம்மாவிடமே கேட்டுக்கொள்கிறேன்.

உனக்கு மச்சான், உன் அம்மாவுக்குப் பெரிய பையன் (முறை இடிக்கும், விடு),
தினா