ஆ. ராஜலிங்கம், கலகெதர

அம்பிட்டிய
16.02.2025

அன்பின் டிலானி அம்மணிக்கு,

ஏ.எல். பரீட்சை முடியும்வரை உன் அம்மா போனை அலுமாரிக்குள் பூட்டியது இலக்கியத்துக்கு நல்லதடி. இல்லாவிட்டால் இந்தச் செய்தியை இரண்டு ஸ்மைலியோடு முடித்திருப்பேன்.

இன்றைய ஞாயிறு பத்திரிகையில் வாசகர் கடிதப் பக்கத்தைப் பார். உன் அப்பா பெயர் மறுபடி வந்திருக்கிறது. எழுதியவர் மட்டும் மாமா இல்லை. அடியேன்!

‘கலகெதர பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே உள்ள ஹோட்டலில் கோழிக் கொத்து ரொட்டி கேட்டால் கோழி வருவதில்லை. கோழி நடந்துபோன தடம் மட்டும் வருகிறது. சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா?’

தெருவிளக்கு, பஸ், குடிநீர் என்று மாமா எழுதிய பதினொரு கடிதமும் அந்தக் கேள்வியில்தானே முடியும்? ஆசிரியரே ஏமாந்துவிட்டார்! மாமா வேலை செய்கிற ஹோட்டலை மாமாவே கிழிப்பது என்றால் சும்மாவா? முதலாளி தேத்தண்ணியைக் கொட்டியிருப்பாரே! சிரித்து முடித்துவிட்டு எழுது.

குறும்பு குறையாத,
சுகிர்தா


கலகெதர
19.02.2025

சுகிர்தா,

முதலாளி தேத்தண்ணியைக் கொட்டவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்களுக்கு முன்னால் பத்திரிகையை விரித்துப் பிடித்து, “பத்தொம்பது வருஷம் சோறு போட்டதுக்கு இதா, ராஜலிங்கம்?” என்று கேட்டாராம்.

“நான் எழுதலீங்க முதலாளி.”

“இந்தக் கடைசி வரி ஊருக்கே தெரியும்யா. ஒன்னோட கடிதத்த எல்லாம் வெட்டி கடை கண்ணாடியில ஒட்டி வச்சவனே நான்தான!”

மறுநாள் சுகாதாரப் பரிசோதகர் வந்து குசினியில் சட்டி பானையெல்லாம் கிண்டிவிட்டுப் போனார். அன்றே அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன். உண்மையை உன் சொந்தப் பெயரில் எழுது. முதலாளி அச்சில் வந்ததைத்தான் நம்புவார்.

டிலானி


அம்பிட்டிய
23.02.2025

அன்பின் டிலானிக்கு,

மாமாவை நினைத்தால் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் பெயர் வந்தால், அம்மா படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் எப்படி முகம் காட்டுவார்? எனக்கு வரப்போகிற மாணவத் தலைவி பட்ஜும் பறந்துவிடும்.

கவலைப்படாதே, மாற்று மருந்து தபாலில் போய்விட்டது. ‘அந்த ஹோட்டலில் கொத்து சாப்பிட்ட நாள்முதல் என் வீட்டு அடுப்பு ஓய்வு பெற்றுவிட்டது. – திருமதி அனீஸா, மடவளை.’ எப்படி? முதலாளி மாமாவுக்கு மாலையே போடுவார் பார்!

சுகிர்தா என்கிற அனீஸா


கலகெதர
10.03.2025

சுகிர்தாவுக்கு,

உன் அனீஸாவும் அச்சில் வந்தாள். வேலை போன பயத்தில் அதையும் அப்பாதான் எழுதினார் என்று முதலாளி சிரித்தாராம். பத்திரிகையில் மன்னிப்புக் கேட்டால் மட்டும் வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

அப்பா மூன்று தாள் கிழித்து, நாலாவதில் எழுதினார். நேற்று வந்தது. ‘நானே எழுதினேன், வருந்துகிறேன்.’ எழுதாத கடிதத்துக்கு ஏன் அப்படி எழுதினார் தெரியுமா? அந்தக் கோழித் தடம் அப்பா வீட்டில் சோறு சாப்பிடும்போது சொன்ன பகிடி. அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் சொன்னது. அதை உன்னிடம் சொன்னவள் நான். அச்சில் பார்த்த அன்றே அப்பாவுக்கு என்மேல் சந்தேகம். என் பெயர் வெளியே வராமலிருக்கத்தான் தன் பெயரைப் போட்டார்.

தபாலில் போட்டுவிட்டு வந்த பிறகுதான் கேட்டார். “நீயாம்மா எழுதுன?”

இரண்டு ஞாயிறு அந்தப் பக்கத்தில் உன் பெயரைத் தேடிக் களைத்திருந்தேன்; அப்பாவின் கடிதமும் தபாலில் போய்விட்டது. “ஆமாப்பா” என்றேன். செருப்பைக் கழற்றி வாசலோரம் வைத்தார். பிறகு, “சரி விடு, போய் படி” என்றார்.

இனி நீ உண்மையை எழுதாதே. எழுதினால் அப்பா பத்திரிகையில் பொய் சொன்னவர் ஆகிவிடுவார்.

இன்று வேலைக்குப் போனார். முதல் வேலையாக, கண்ணாடியில் இருந்த பதினொரு கடிதத்தையும் கத்தியால் சுரண்டி எடுக்கச் சொன்னாராம் முதலாளி. ஞாயிறு பத்திரிகை இனி வேண்டாம் என்று அப்பா பேப்பர் கடையில் சொல்லிவிட்டார்.

அப்பா என்னை மன்னித்துவிட்டார். உன்னை மன்னிக்க இந்த வீட்டில் யாரும் மிச்சமில்லை.

ரா. டிலானி