கருப்பட்டியைப் பற்றி மட்டும்

வேம்பார்,
3.6.2024

அன்புத் தங்கை உமாராணிக்கு,

அண்ணன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் மதினியும் நலம். போனில் இந்தப் பேச்சை எடுத்தால் நான் கத்துவேன், நீ பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

செவ்வாய்தோறும் நம்மூர்ச் சமுதாயக் கூடத்தில் சர்க்கரை நோயாளிகளுக்கு வகுப்பு எடுக்க, தூத்துக்குடி ஆஸ்பத்திரியிலிருந்து நீ வருவதாக நோட்டீஸ் பார்த்தேன். "ஏலே, என் தங்கச்சி பேரு போட்டிருக்கு பாரு" என்று நம் கருப்பட்டிக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். அப்பா இருந்திருந்தால் ஊரையே கூட்டியிருப்பார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சோற்றைக் குறைக்கச் சொல், நடக்கச் சொல், ஊசி போடச் சொல். கருப்பட்டியைப் பற்றி மட்டும் இங்கே வாய் திறக்காதே. 'சர்க்கரைக்காரர்களும் சாப்பிடலாம்' என்று நம் கடை போர்டில் அப்பா காலத்திலிருந்து எழுதியிருக்கிறது. சொந்தத் தங்கையே அதைப் பொய் என்றால், நான் எந்த முகத்தோடு கடை திறப்பேன்?

அன்புடன்,
அண்ணன் செந்தூர்பாண்டி


தூத்துக்குடி,
19.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று முதல் வகுப்பு. நாற்பது பேர் வந்திருந்தார்கள். தரையில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைத் தினமும் பார்ப்பது எப்படி என்று காட்டினேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே செய்து பார்த்தார்கள்.

உப்பளத்தில் வேலை பார்க்கும் சுடலைக்கண்ணு எழுந்தார். "சீனிய விட்டுட்டேன் டீச்சர். கருப்பட்டிக் காப்பி குடிக்கலாம்லா?" என்று கேட்டார். கூடமே என்னைப் பார்த்தது. "அத டாக்டர்ட்ட கேட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்தைக் காட்டத் தொடங்கிவிட்டேன்.

உங்களுக்காகத்தான் அண்ணா. டாக்டரிடம் கேட்கப் பயந்து என்னிடம் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்வதுதான் என் வேலை. இதற்காகத்தான் அத்தனை அடம்பிடித்துப் படித்தேன். பஸ்ஸில் திரும்பும்போது அழுகையாக வந்தது. மதினியிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

உங்கள் தங்கை,
உமா


தூத்துக்குடி,
20.11.2024

அண்ணா,

சுடலைக்கண்ணுவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உப்பு அரித்த புண். மரத்துப்போன காலில் அவருக்கு வலியே தெரியவில்லை. கொண்டுவந்தபோது சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது.

என்னென்ன சாப்பிட்டார் என்று கேட்டு எழுதுவது என் பொறுப்பு. அவர் மனைவி சந்தனச்செல்வி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒரு நாளைக்கு ஆறு காப்பி. எல்லாம் கருப்பட்டிதான். 'என் தங்கச்சியே வேண்டாம்னு சொல்லலியே, தைரியமா குடி'ன்னு கடை அண்ணாச்சி சொன்னாவ." அப்போதும் நான் அவளிடம் எதையும் திருத்திச் சொல்லவில்லை.

அப்படிச் சொன்னீர்களா?

உமா


வேம்பார்,
24.11.2024

உமாராணிக்கு,

சொன்னேன். கடைக்காரன் வேறென்ன சொல்வான்? உப்பளத்துக்காரன் காலில் புண் வருவது புதிதா? கருப்பட்டியா போய் அவன் காலை வெட்டியது? ஊரில் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, நீதான் கேட்கிறாய்.

வகுப்பில் வந்து எதையாவது உளறினாய் என்றால், அப்புறம் இந்த வீட்டுப் படி ஏறாதே.

செந்தூர்பாண்டி


தூத்துக்குடி,
4.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று வகுப்பில் சொல்லிவிட்டேன். கருப்பட்டியும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும், சீனிக்கும் அதற்கும் இந்த நோயில் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொன்னேன். புண்ணுக்கு அது ஒன்றே காரணம் இல்லை என்பதையும் சொன்னேன். நம் கடைப் பேச்சை எடுக்கக் கூடாது என்றுதான் போயிருந்தேன்.

கடைசி வரிசையிலிருந்து சந்தனச்செல்வி எழுந்தாள். "ஏளா, இத அன்னைக்கே ஏன் சொல்லல?" என்றாள். எதைச் சொல்லிச் சமாளிப்பது? "எங்க அண்ணன் கடைக்காகச் சொல்லல" என்றேன். அவள் வெளியே போனாள். அவள் பின்னாலேயே பாதிப்பேர் போய்விட்டார்கள். இனி அங்கே நான் சொல்வதை யார் நம்புவார்கள்? வரும் செவ்வாய் ஒருவர் வந்தாலும் அவருக்குச் சொல்வேன்.

நீங்கள் சொன்னபடி வீட்டுப் பக்கம் வராமலே பஸ் ஏறிவிட்டேன். மதினி தேடியிருப்பார். உங்கள் கோபம் என்றைக்குத் தணியும் அண்ணா?

உங்கள் உமா


வேம்பார்,
9.12.2024

உமாவுக்கு,

கோபம் இல்லை. உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நீ வகுப்பில் பேசுவதற்கு இரண்டு நாள் முன்பு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டு சுடலைக்கண்ணுவைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். உடம்புக்கு முடியாதவனை வெறுங்கையோடு போய்ப் பார்ப்பதா என்று, கடையைப் பூட்டும்போது கை தானாக ஓலைப்பெட்டியை எடுத்துவிட்டது. இரண்டு கிலோ கருப்பட்டி. அவன் காலைப் பற்றி நீ எழுதிய கடிதம் சட்டைப்பையில் இருக்கும்போதே அதைத் தூக்கிக்கொண்டு போனேன்.

கட்டுப் போட்ட காலோடு அவன் எழுந்திருக்கப் பார்த்தான். "அண்ணாச்சி, நீங்களே வந்தியளா" என்று இரண்டு கையாலும் பெட்டியை வாங்கிக்கொண்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. சந்தனச்செல்வி அதிலேயே ஒரு துண்டு உடைத்துக் காப்பி போட்டு, அவனுக்கும் எனக்கும் கொடுத்தாள். இருவரும் குடித்தோம்.

உனக்காவது கேட்டதும் உண்மையைச் சொல்ல வாய் வந்தது.

நீ வீட்டுக்கு வர வேண்டாம் என்பதை இப்போது கோபத்தில் சொல்லவில்லை. உன் முகத்தைப் பார்க்க என்னால் ஆகாது.

செந்தூர்பாண்டி