நனையக்கூடாத நீர்யானை

மார்ச் 4, செவ்வாய்

ஆய்வகத்தில் இன்று முப்பத்தொரு பேருக்கு ரத்தம் எடுத்தேன். ஒருவர் மயங்கி விழுந்தார். ஊசியைப் பார்த்து அல்ல. பக்கத்து நாற்காலிக்காரர் “எனக்கு மயக்கம் வருது” என்றதைக் கேட்டே இவர் சரிந்துவிட்டார். சொன்னவர் நன்றாக உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் தம்பி லிஃப்ட் பழுது பார்க்கிற வேலையிலிருந்து நேராக இங்கே வந்தான். சட்டை முழுக்க கிரீஸ், கையில் ஒரு பழைய கேம் கேசட். ‘நீர்யானைத் தபால்காரர்’. சின்ன வயதில் நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பிளந்து பார்த்த கார்ட்டூன். அதை வைத்து ஒரு வீடியோ கேம் வந்தது என்பதே எனக்குத் தெரியாது. “ஆடிப் பாத்தேன்கா. படு கேவலம். நமக்கு விருந்து” என்றான்.

மார்ச் 9, ஞாயிறு

பதிவு முடிந்தது. வழக்கம்போல அவன் ஆடினான், நான் பேசினேன். கார்ட்டூன் பெயரை ஒட்டவைத்து விற்ற மட்டமான கேம்களை எங்கள் யூடியூப் சேனலில் மூன்று வருடமாக வறுத்தெடுக்கிறோம், ஆனால் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. நாய் வந்து முட்டினால் நீர்யானை அதை ஒன்றும் செய்யாது. குனிந்து மன்னிப்புக் கேட்கும்! தடுமாறும், விழாது. மூன்றாவது தெருவில் ஒரு பெரிய பள்ளம். அதன் மேல் கால் வைத்தால் காற்றில் நின்று ஓடிக்கொண்டே இருக்கும். கடக்கவும் கடக்காது, விழவும் விழாது. மெஷினை அணைப்பதைத் தவிர வழியில்லை.

“இதை வரைஞ்சவர் இடது காலால வரைஞ்சிருக்கார், அதுவும் செருப்போட” என்றேன். “இந்தப் பள்ளத்தைத் தோண்டினவரை ஒரு நாள் நேர்ல பாக்கணும்” என்றும் சொன்னேன். தம்பி சிரித்ததில் கேமரா ஆடிவிட்டது. அப்படியே விட்டுவிட்டோம்.

மார்ச் 13, வியாழன்

நாலு நாளில் இரண்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். ரத்தம் எடுக்கப்போன இடத்தில் ஒரு பெண் “செருப்போடவா?” என்று கேட்டுச் சிரிக்கிறாள். ஊசி கையில் இருக்கும்போது இதெல்லாம் வேண்டாமே.

கமெண்ட்களுக்கு நடுவே ஒன்று: “மூன்றாவது தெரு என் தப்பு. மன்னிக்கணும்.” அவ்வளவுதான்.

யார் இது? உண்மையா?

மார்ச் 14, வெள்ளி

நான் பதில் எழுதுவதற்குள் தம்பி முந்திக்கொண்டான். “இருபத்தெட்டு வருஷம் கழிச்சு மன்னிப்பா? தபால் ரொம்ப லேட்!” என்று எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி மேலே ஏற்றிவைத்தான். நானும் சிரித்தேன். அதை மறைக்கப் போவதில்லை.

மதியத்துக்குள் அறுநூறு பேர் கீழே வந்து குவிந்தார்கள். சிலர் வேடிக்கையாக. சிலர் — வேண்டாம், அதை இங்கே எழுத மாட்டேன். நான்கு மணிக்குப் பார்த்தபோது அந்த கமெண்ட் இல்லை. எழுதியவரே எடுத்துவிட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

மனசு அதையே சுற்றிச் சுற்றி வருகிறது. குற்ற உணர்ச்சி பாதி. மீதி, சத்தியமாக, தெரிந்துகொள்ளும் ஆசை. விழாத நீர்யானை, அடிக்காத நீர்யானை. கை தவறி ஒரு பிழை வரலாம். இவ்வளவு மரியாதையான பிழை எப்படி வரும்?

கமெண்ட் போன பிறகும் அந்தக் கணக்கு இருந்தது. அதில் ஒரே ஒரு வீடியோ: இரண்டு கார்களுக்கு நடுவே எப்படிப் பின்னால் எடுத்து நிறுத்துவது என்று. வண்டிக்குப் பின்னால் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் பலகை. இங்கிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடம்.

எனக்கு எப்படியும் கார் ஓட்டத் தெரியாது.

மார்ச் 22, சனி

போனேன். பயிற்சி கொடுப்பவர் ஒரு அம்மா, ஐம்பது ஐம்பத்தைந்து இருக்கும். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. யார் என்று நான் சொல்லவில்லை. ‘முதல் வகுப்பு, ஒன்றும் தெரியாது’ என்று மட்டும் சொன்னேன். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டிக் கண்ணாடியைச் சரிசெய்யச் சொன்னார், சீட்டை முன்னால் இழுக்கச் சொன்னார். நான் “இது போதுமா மேடம்?” என்றேன். “இன்னும் கொஞ்சம் இழுக்கணுமா?” என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது.

“இந்தக் குரல்தானே? பள்ளத்தைத் தோண்டினவரை ஒரு நாள் நேர்ல பாக்கணும்னு சொன்னீங்கள்ல?”

நான் இழுத்த சீட் மறுபடி பின்னால் போய்விட்டது.

“பாத்துட்டீங்க. இப்ப கிளட்ச்சை மிதிங்க.”

மிதித்தேன். வேறு என்ன செய்ய? ஒரு மணி நேரமும் ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தார். நாலு தடவை வண்டி அணைந்தது, ஒரு தடவைகூட அவர் குரல் உயரவில்லை. இறங்கும்போது மன்னிப்புக் கேட்டேன். “கேம் மோசம்தான். நீங்க சொன்னதுல தப்பில்ல. ஆனா அத்தனை பேரு வந்து சொன்னாங்க பாருங்க...” என்று நிறுத்திக்கொண்டார். பிறகு, “அடுத்த சனி வாங்க. ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுப் பழகுங்க.”

மார்ச் 23, ஞாயிறு

தம்பியோடு சண்டை.

“நாம யாரையும் பேர் சொல்லித் திட்டலையேக்கா. கேமைத்தானே கிண்டல் பண்ணோம்?”

“அவங்க மன்னிப்புக் கேட்டாங்கடா. அதையும்தான் கிண்டல் பண்ண.”

“நீயும்தான் சிரிச்ச.”

ஆமாம்.

மார்ச் 25, செவ்வாய்

தம்பி தன் பதிலைத் தானே எடுத்துவிட்டான். என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 29, சனி

இரண்டாவது வகுப்பு. ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கார்ட்டூன் கம்பெனி அந்தக் காலத்தில் அனுப்பிய கடிதத்தின் நகல். நீர்யானை யாரையும் அடிக்கக்கூடாது. நீர்யானை எங்கிருந்தும் விழக்கூடாது. பல் தெரியக்கூடாது. தவறு நடந்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும். கடைசி விதி: நீர்யானை நனையக்கூடாது.

“நீர்யானை... நனையக்கூடாதா?”

“தபால்காரராச்சே. கடுதாசி நனைஞ்சா குழந்தைங்க அழுவாங்களாம்.”

நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். பிறகு சொன்னார்: மூன்றாவது தெருவில் இருந்தது பள்ளமே இல்லை, ஆறு. நீர்யானை நீந்திக் கடக்கும். கடிதம் வந்து சேர்ந்தபோது கேம் முடிய ஆறு நாள்தான் பாக்கி. “புரோகிராம்ல ஒரே ஒரு எண்ணை மாத்தித் தண்ணிய எடுத்தேன். பாலம் போட மறந்துட்டேன். அதான் என் தப்புன்னு எழுதினேன்.”

இத்தனை நாள் நாங்கள் சிரித்தது இதைப் பார்த்தா!

வீடியோவை எடுத்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். அவருக்கு இருந்த பயம் வேறு. படங்களை வரைந்தவர் அவருடைய வீட்டுக்காரர். அந்த கேமோடு கேம் கம்பெனியும் மூழ்கிப்போக, அவர் பேக்கரியில் கேக் மேல் க்ரீம் பூ போடப் போய்விட்டாராம். அதன்பிறகு அந்தப் பேச்சையே வீட்டில் எடுத்ததில்லை. “உங்க வீடியோ அவர் கண்ணுல படாம ரெண்டு வாரமா ஓட்டிட்டிருக்கேன். எவ்வளவு நாளைக்கு முடியும்?” என்றார். “நானே சொல்லிடறேன். அது என் வேலை.”

ஏப்ரல் 6, ஞாயிறு

மத்தியானம் தங்கள் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார் அந்த அம்மா. தம்பியையும் கூட்டிப் போனேன். நெருக்கமான சின்ன வீடு, மேஜை மேல் எங்களுக்காக ஒரு கேக். அதன் மேல் க்ரீம் பூ.

அவருடைய வீட்டுக்காரர் உயரமான மனிதர். கைகளில் வெனிலா வாசனை. உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை, எடுத்த எடுப்பில் கேட்டார்:

“எந்தக் கால்?”

“சார்?”

“இடது கால்னு சொன்னீங்க. திருத்திக்கணும். இடது கை. வலது கை அப்ப கட்டுல இருந்துச்சு, சைக்கிள்லேருந்து விழுந்து. ஒன்றரை மாசம் அத்தனை படமும் இடது கையாலதான். செருப்பு விஷயம் மட்டும் சரி, ஆபீஸ்ல செருப்பு போட்டிருந்தேன்.”

அந்த அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் இன்னும் சொல்லவே இல்லையே!”

“பேக்கரி பசங்க முதல் வாரமே காட்டிட்டானுங்க. பதினோரு தடவ பாத்துட்டேன். உனக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவியேன்னுதான் சொல்லல.”

இரண்டு பேரும் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள்! அவர் தோளில் அந்த அம்மா ஓங்கி ஒன்று வைத்தார். பிறகு சமையலறைக்குப் போய் வெகுநேரம் தட்டுகளைத் தேடினார். தட்டுகள் மேஜையிலேயேதான் இருந்தன.

தம்பி எழுந்து, “அந்தப் பதில் எழுதினது நான்தான் சார்” என்றான். அவர் கேக்கை வெட்டிக்கொண்டே, “தபால் லேட்டுன்னு எழுதினீங்களே, அதுவா? நல்லா இருந்துச்சு. ஆனா அவங்க அன்னிக்கு சாப்பிடல. ஏன்னு எனக்குத் தெரியும், கேக்கத்தான் முடியல” என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். சமையலறைப் பக்கம் போனான். என்ன பேசினான் என்று எனக்குக் கேட்கவில்லை. தட்டுத் தேடும் சத்தம் நின்றது.

கிளம்பும்போது அவர் சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது. நீந்துவதற்கென்று பதினான்கு படம் வரைந்தாராம். அந்த கேமிலேயே உருப்படியானவை அவை மட்டும்தானாம். “யாரும் பாக்கல. நானே ஓட விட்டு ஒரு தடவதான் பாத்தேன்.”

“அழிக்கல” என்றார் அந்த அம்மா. “நேரம் ஏது? தண்ணியத்தான் எடுத்தேன். படம் அந்த கேசட்டுக்குள்ளயேதான் இருக்கு.”

ஏப்ரல் 20, ஞாயிறு

கேசட்டில் இருப்பதைத் தம்பி கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்தான். அந்த எண் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அந்த அம்மாவுக்கு இரண்டு ஞாயிறு பிடித்தது. பழைய நோட்டு, பென்சில், தம்பி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். தான் எழுதியதைத் தானே திட்டிக்கொண்டு தேடினார். “யாரு இப்படி எழுதுவா? அறிவு வேணாம்?” நாங்கள் வீடியோவில் சொன்னதைவிட மோசமாகத் திட்டினார்.

மதியம் மூன்றரைக்கு மூன்றாவது தெருவில் தண்ணீர் வந்தது.

நீல நிறக் கோடுகள், அவ்வளவுதான். நீர்யானை கரையில் நின்றது, இறங்கியது. மூக்கும் காதும் மட்டும் வெளியே. இரண்டு குமிழி. தபால் பையைத் தலைமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நீந்தியது. பை நனையவில்லை! அந்த விதி வருவதற்கு முன்பே இந்த மனிதர் அதை யோசித்திருக்கிறார். நான் பேசுவதற்காகப் பிடித்திருந்த மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன்.

வரைந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“காது கொஞ்சம் பெரிசாயிடுச்சு” என்றார்.

“வாயை மூடிட்டுப் பாருங்க” என்றார் அந்த அம்மா. கணவரின் கையை விடவில்லை.

மே 18, ஞாயிறு

பழைய வீடியோ அப்படியே இருக்கிறது. கீழே புதிய வீடியோவுக்கு வழி காட்டியிருக்கிறோம். அதைப் பார்த்தவர்கள் பழையதில் பாதிகூட இல்லை. கமெண்ட்களைத் தினமும் காலையில் அந்த அம்மாவே படித்துப் பதில் எழுதுகிறார்.

தம்பி இன்று இன்னொரு கேசட் கொண்டுவந்தான். விண்வெளி முயல். காது மஞ்சள், உடம்பு பச்சை, குதித்தால் கூரைக்குள் மாட்டிக்கொள்கிறது. நான் சிரித்துச் சிரித்து இரும ஆரம்பித்து, கேமராவை வை, இப்போதே எடுத்துவிடலாம் என்றேன்.

“இரு அக்கா” என்றான். “இதை யார் செஞ்சாங்கன்னு தேடிட்டிருக்கேன். ஒரு ஆள் கிடைச்சிருக்கார், இப்ப பல் டாக்டராம். நேத்துதான் எழுதிப் போட்டேன். பதில் வரட்டும்.”