கல்வெட்டிலை அந்த ஏழு மட்ச்காரன் வேண்டாம்

நொய்கெல்ன், பேர்லின்

அன்பு மகள் ஆரணிக்கு அம்மா எழுதிறது. மெல்பேணிலை நீயும் மருமகனும் சுகமாயிருக்க முருகன் துணை. என்ரை சுகத்தைக் கேளாதை, கால் வீக்கம் வத்தியிருக்கு, அவ்வளவுதான்.

அப்பாவின்ரை முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்துக்கு நீ எழுதினதைக் கடைக்கார பாலமுருகன் பேப்பரிலை எடுத்துத் தந்தவன், எழுத்துக் கூட்டி வாசிச்சன். நாலு பக்கத்திலை மூண்டு பக்கம் நூறு வருசத்துக்கு முந்தின ஆஸ்திரேலியாக் கிரிக்கெட்காரன். அப்பாவுக்குப் பிடிச்ச ஆள் எண்டு லைப்ரரியிலை தேடி எடுத்தியாக்கும். செத்தது ஆர் எண்டு சனம் கேக்கப்போகுது பிள்ளை. இருபத்தாறு வருசம் ரெஸ்ரோறண்டிலை கோப்பை கழுவின மனுசனுக்கு ஒரு பக்கம், வில்பிரட் ஹார்கன் துரைக்கு மூண்டு பக்கம். அப்பிடி என்ன வெட்டி விழுத்தினவன்? நாட்டுக்கு விளையாடினது ஏழே ஏழு மட்ச். கடைசி மட்சிலை நூறு அடிக்கக் கிட்ட நிக்கேக்கை பந்து மட்டையிலை பட்டுப் பிடிபட்டது அம்பயருக்கே தெரியேல்லையாம், இவர் தானாய் வெளியிலை நடந்தாராம். மட்ச் தோத்துப்போச்சு. பிறகு ஒருத்தரும் கூப்பிடேல்லை, குதிரைத் தீன் வித்துச் செத்தான். இதுக்கொரு சரித்திரம்.

கலியாணம் கட்டின நாளிலையிருந்து இந்தக் கதை கேட்டுக் காது புளிச்சவள் நான். கதையோடை போச்சே? எண்பத்தாறிலை அகதி விசாரணையிலை, ஆமிக் காம்பிலை மூண்டு கிழமை அடைபட்டு இருந்தனான் எண்டு அப்பா சொல்ல, மொழிபெயர்த்தவன் மூண்டு மாசம் எண்டு சொல்லிப்போட்டான். திருப்பி வாசிச்சுக் காட்டேக்கை பேசாமல் கையெழுத்து வைக்கிறதுக்கு, உவர் மறிச்சு, மூண்டு கிழமைதான் எண்டு திருத்தினவர். அன்ராக், அதுதான் அகதி விண்ணப்பம், தள்ளுபட்டுது. அதாலையோ வேறை எதாலையோ, நாங்கள் வந்துசேர இன்னும் நாலு வருசம். நீ அப்பாவை முதல் கண்டது ஐஞ்சு வயசிலை, ஆரோ எண்டு பயந்து என்ரை சீலைக்குப் பின்னாலை ஒளிச்சனி. ஏனப்பா உப்பிடிச் செய்தனீங்கள் எண்டு கேட்டன். "அவுட் எண்டால் அவுட்தானே அன்னம்" எண்டார். அதுக்கு நான் பேசாத பேச்சில்லை. போன மாசம் ஆசுப்பத்திரிக் கட்டிலிலையும் பேசினனான், சிரிச்சுக்கொண்டு கிடந்தார்.

அந்த மூண்டு பக்கத்தையும் வெட்டு. அந்த இடத்திலை, விசாரணையிலை அப்பா திருத்தினதை எழுது, வடிவாய் எழுது. அம்மாவுக்கு இன்னும் கோவம் ஆறேல்லை எண்டும் வேணுமெண்டால் போடு.

புதன்கிழமைக்கு முன்னம் அனுப்பு, அச்சகக்காரன் பிறகு எடுக்கமாட்டான். வரேக்கை தடிச்ச குளிர்ச்சட்டை கொண்டு வா. அப்பாவின்ரை ஆசீர்வாதத்தையும் சேத்து இனி நான்தான் அனுப்பவேணும், அனுப்பிறன், நல்லாயிரு.

இப்படிக்கு அம்மா
யோ. அன்னப்பிள்ளை

அந்த ஹார்கனை முழுக்க எடுக்க உனக்கு மனமில்லாட்டில் ஒரு வரி விடு. கடைசி மட்சிலை தொண்ணூற்றாறு எண்டு ரைப் அடிச்சிருக்கிறாய். தொண்ணூற்றேழு. திருத்து.